முப்பத்திரண்டு அங்குலம்

வாயின் நீளம் கடைசியாகத்தான் வந்தது.
முதல் பிரச்சினை கரண்ட்.
றெட்பானாச் சந்திக்குப் பின்னால்
சங்கக் கொட்டிலுக்கு சிங்கிள் பேஸ்தான்;
திரீ பேஸ் கேட்டால்
தூணுக்கும் நாங்களே காசு கட்டவேணும்.
மோட்டரை அழித்துவிட்டு
லான்ட்மாஸ்ரர் எஞ்சினை வரைந்தேன்,
உரப்பையின் உட்புறத்தில், நீலப் பேனையால்.

அலகுகள் பன்னிரண்டு,
லொறி வில்லுத் தகட்டில் அறுத்தவை.
எல்லாம் ஒன்றாய்க் கடித்தால் எஞ்சின் விக்கும்.
ஒன்றிலிருந்து மற்றதை முப்பது பாகை திருப்பித்
தண்டில் அடுக்கினேன்.
ஓடும் அலகுக்கும் நிற்கும் அலகுக்கும் இடையே
அரை மில்லிமீற்றருக்குள்.
அமலதாஸ் அதைக் கலியாணக் காட்டால் பார்த்தான்:
ஒற்றையாய் நுழைய வேணும்,
மடித்தால் நுழையக்கூடாது.
காட்டில் மாப்பிள்ளையின் பெயர் மட்டும்
கிறீசில் அழிந்துபோயிருந்தது.

முதல் ஓட்டம் தோல்வி.
வேகம் கூடி, நறுக்குவதற்குப் பதில் உருக்கியது.
ஒரு முழு வாளி
சல்லடையில் அப்பிக் கிடந்தது,
பாகு கருகின சட்டியடிபோல.
புல்லியைப் பெரிதாக்கி வேகத்தைப் பாதியாக்கினோம்.
இரண்டாம் ஓட்டத்தில் மணல், அலகு மழுங்கியது.
இந்தப் பக்கம் எதுவும் மண்ணில்லாமல் வராது.
வருசக் கணக்காய் மண்ணுக்குள்ளேயே கிடந்த
கான்களும் வரும்.
கழுவத் தொட்டி கட்டி, பக்கத்தில் பலகை வைத்தோம்.
உள்ளே ஏதும் குலுங்கினால்
மெல்ல வைத்துவிட்டு விலகு, ஆளைக் கூப்பிடு.
அந்த வரி மட்டும் சிவப்பில்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகுதான் வாய்.
எந்தக் கையும் அலகை எட்டக்கூடாது, அவ்வளவுதான் விதி.
வேலைக்கு வருகிற ஏழு பேரையும் நிறுத்தி
தோளிலிருந்து விரல்நுனி வரை நாடா பிடித்தேன்.
தையல்கடை திறந்திட்டியோ என்று சிரித்தார்கள்.
குணாளினியின் கைதான் நீளம், இருபத்தெட்டரை.
பரமரூபனில் அளக்க ஒரு கைதான்.
"மற்றதைப் பற்றிக் கவலைப்படாதை" என்றான்.
முப்பத்திரண்டு என்று எழுதிக் கோடிட்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு செவ்வாய்,
ஸ்கூட்டியில் வேணுஜா வந்தாள்.
"பிளாஸ்ரிக் கிலோ என்ன விலை?"
பைக்குள் ஐந்து கால்கள்.
ஆகச் சிறியது என் முன்கை அளவு.
அடுத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பெரிது,
பள்ளிக்கூடச் சப்பாத்து மாற்றுகிற கணக்கில்.
தோல் நிறம் என்று
யாரோ எங்கேயோ முடிவு செய்த ஒரு பழுப்பு.

நான் அமலதாசைப் பார்த்தேன்.
அவன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"தண்ணிக் கான் செய்யிற அதே சாமான்தான்.
கேட்டுட்டுத்தான் கொண்டுவந்தனான்" என்றாள்.
"ஆணி கிடந்தால் அலகு போயிடும்."
எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.
அவள் ஒரு சரையைப் பிரித்து மேசையில் வைத்தாள்.
அத்தனை திருகாணிகளும், எட்டுப் பக்கிளும்.
"இரும்பு வேற விலைதானே."
ரப்பர் பாதங்களை வீட்டிலேயே வெட்டியிருந்தாள்.

தானே போடுகிறேன் என்றாள்.
பெரியதில் தொடங்கினாள்.
மூன்றாவதில் எஞ்சின் ஒருதரம் விக்கிப் பின் பிடித்தது.
ஆகச் சிறியது
முப்பத்திரண்டு அங்குலமும் சறுக்கிப் போகிற சத்தம்
மற்றதுகளை விடக் கொஞ்சம் நேரம் கேட்டது,
அல்லது எனக்கு அப்படி.

நிறம் பிரிக்கச் சொன்னதும் நான்தான்.
நீலத்துக்குச் சாக்கு இருந்தது, சிவப்புக்கு, வெள்ளைக்கு, கறுப்புக்கு.
இதற்கு இல்லை.
அமலதாஸ் புதுச் சாக்கொன்றை உதறி விரித்தான்.

மூன்று கிலோ நானூறு.
சங்கத்து விலையில் கணக்குப் பார்த்துக் காசைக் கொடுத்தேன்.
அவள் நின்றபடி எண்ணினாள்.
"பத்து ரூபா குறையுது."
நான் திரும்பவும் எண்ணினேன்.
குறைந்துதான் இருந்தது.